முகம் கடலுக்கு, முதுகு ஆற்றுக்கு

புதுச்சேரிக்குப் போய் வந்த ஒருவரைப் பிடித்து, "அங்கே என்ன ஸார் பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "கடற்கரை" என்பார். அப்புறம் காந்தி சிலை என்பார். மணக்குள விநாயகர் கோயில் என்பார். கொஞ்சம் ரசிகராக இருந்தால், மஞ்சள் சுவரும் காகிதப் பூக்கொடியுமாக நிற்கும் பிரெஞ்சு வீடுகளைப் பற்றிக் கால் மணி நேரம் சொல்வார். "ஊருக்குள்ளே ஓடும் ஆறு, வாய்க்கால் ஏதாவது பார்த்தீர்களா?" என்று கேட்டால் மட்டும், உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

குற்றம் அவருடையதல்ல. புதுச்சேரி அப்படி நிற்கிற ஊர். முகத்தைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு, முதுகைத் தன் ஆறுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் திருப்பிக்கொண்டு நிற்கிறது. நாமும் அப்படித்தானே? விருந்தாளி வந்தால் வாசல் திண்ணையில் உட்கார வைத்து உபசரிக்கிறோம். கொல்லைப்புறத்தை யார் காட்டுகிறார்கள்? ஆனால் மழைக் காலத்தில் வீட்டின் சுகமும் துக்கமும் கொல்லைப்புறத்துத் தண்ணீர் வடிவதைப் பொறுத்தது என்பது வீட்டுக்கார அம்மாளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே வாசகர்களே, இந்தத் தடவை உங்களைக் கொல்லை வழியாகப் புதுச்சேரிக்குள் அழைத்துப் போகிறேன். நடுவிலே கனடா தேசத்துக்கும் ஓர் எட்டுப் போய் வரப் போகிறோம். "புதுச்சேரிக்கும் கனடாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது; அதுவும் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்ட சம்பந்தம்!

கறுப்பு, வெள்ளை, நடுவே வாய்க்கால்

கடற்கரையிலிருந்து மேற்கே நேராக நடந்து வாருங்கள். தெருக்கள் கோடு கிழித்தாற் போல் இருக்கின்றன அல்லவா? இந்தக் கோடுகளைக் காகிதத்தில் கிழித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்றுதான் நினைப்பீர்கள். இல்லை, டச்சுக்காரர்கள்! 1674-ல் பிரான்சுவா மார்த்தேன் இங்கே பிரெஞ்சுக் கம்பெனிக்கு அஸ்திவாரம் போட்டார். 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். நேர் நேரான தெருக்களுடன் ஊருக்கு ஒரு திட்டமும் வரைந்தார்கள். 1699-ல் ஊரைத் திருப்பிக் கொடுத்தபோது, அந்தத் திட்டமும் பிரெஞ்சுக்காரர்களுக்கு வந்து சேர்ந்தது. ஒருவன் வாங்கிய மனையில் இன்னொருவன் வீடு கட்டின கதை.

நாலைந்து தெரு தாண்டியதும் ஒரு வாய்க்கால் குறுக்கிடுகிறது. செஞ்சி சாலை, அம்பூர் சாலை என்ற இரண்டு சாலைகளுக்கும் நடுவே வடக்கு தெற்காக ஓடுகிறதே, அதுதான் பெரிய வாய்க்கால். பிரெஞ்சுக்காரர்கள் 'கிராண்ட் கனால்' என்று பெரிய மனுஷத் தோரணையில் பெயர் வைத்தார்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே கடல் பக்கம் வெள்ளை நகரம். மேற்கே கறுப்பு நகரம். அந்தப் பக்கம் துரைமார்கள். இந்தப் பக்கம் நம்மவர்கள். கவர்னர் டூப்ளேயின் துபாஷியாக இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதி வைத்தாரே ஆனந்தரங்கப் பிள்ளை, அவருடைய மாளிகையும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. துரைக்கு எவ்வளவு வேண்டியவரானாலும், ராத்திரி தூங்குவதற்கு வாய்க்காலைத் தாண்டி வந்துவிட வேண்டும்!

ஆனால் வாய்க்கால் ஏற்பட்டது மனிதர்களைப் பிரிப்பதற்காக அல்ல. பூமியின் அமைப்பைப் பாருங்கள். கடலோரமாக ஒரு மணல் மேடு. அதன் மேல்தான் வெள்ளை நகரம் இருக்கிறது. ஊருக்கு வடமேற்கே கோரிமேட்டுப் பக்கம் உயர்ந்த செம்மண் பூமி. இரண்டுக்கும் நடுவிலே தாழ்வான நிலம். செம்மண் மேட்டில் பெய்கிற மழை கடலுக்குப் போக வேண்டுமானால், மணல் மேடு குறுக்கே நிற்கிறது. ஆகவே தண்ணீர் மேட்டின் முதுகை ஒட்டித் தெற்கே நகர்ந்து, இடைவெளி கிடைத்த இடத்தில் கடலில் சேர வேண்டியிருக்கிறது. பெரிய வாய்க்கால், சின்ன வாய்க்கால், மேற்கிலுள்ள உப்பனாறு வாய்க்கால் எல்லாம் இந்தக் காரியத்துக்காகத்தான் இருக்கின்றன. மனிதர்கள் அதைச் சாதி வேலியாக்கிக்கொண்டார்கள். தண்ணீர் மட்டும் இரண்டு நகரத்தின் மழையையும் பேதமில்லாமல் சுமந்துகொண்டு போயிற்று.

இப்போது அது எதைச் சுமக்கிறது என்று கேட்காதீர்கள். பிளாஸ்டிக் பைகள், சாக்கடை, நேற்றைய ஹோட்டல் இலை எல்லாவற்றையும் சுமக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டே எட்டில் தாண்டிவிடுகிறோம்.

முதலில் ஆறு இருந்தது

"கடற்கரைப் பட்டணம்தானே? கடலைப் பார்த்து நிற்பது இயற்கைதானே?" என்று நீங்கள் கேட்கலாம். 2000 வருஷங்களுக்கு முன் இங்கே இருந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை.

புதுச்சேரிக்குத் தெற்கே நாலு கிலோமீட்டர் போனால் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயப் புதைபொருள் நிபுணர் அங்கே தோண்டியபோது, ரோமாபுரிப் பாத்திரங்களும், மதுச் சாடிகளின் துண்டுகளும் அகப்பட்டன. அந்தக் காலத்தில் அது பெரிய வியாபாரத் துறை. மணி செய்வதற்குப் பெயர் போன இடம். கிரேக்க மாலுமி ஒருவன் எழுதி வைத்த குறிப்பில் வரும் 'பொதுகே' என்ற துறைமுகம் இதுவே என்று ஆராய்ச்சியாளர் சொல்கிறார்கள். இந்தத் துறைமுகம் எங்கே இருந்தது? திறந்த கடலோரத்தில் அல்ல. அரியாங்குப்பம் ஆற்றின் கரையில்! அலையும் புயலும் எட்டாமல் ஆற்றுக்குள் மரக்கலத்தைக் கட்டிப் போட்டுவிட்டு, நிம்மதியாக வியாபாரம் பேசினார்கள்.

இந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். செஞ்சி மலைப் பக்கத்தில் புறப்படுகிறது சங்கராபரணி. செஞ்சியாறு என்றும், வராக நதி என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. வீடூரில் ஓர் அணையைத் தாண்டி, வில்லியனூர் வழியாக வந்து, திருக்காஞ்சியில் கங்கவராக நதீசுவரரைத் தரிசித்துக்கொள்கிறது. திருக்காஞ்சி காசிக்கும் வீசம் அதிகம் என்பது இந்தப் பக்கத்து வழக்கு. மாசி மகத்தன்று ஜனங்கள் கூடி ஸ்நானம் செய்கிறார்கள். 2023 ஏப்ரல், மே மாதங்களில் 12 நாட்கள் அங்கே புஷ்கரணி விழாவும் நடந்தது. அப்புறம் கடலை நெருங்கும்போது சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு என்று இரண்டாகப் பிரிந்து சமுத்திரத்தில் கலக்கிறது. ஆக, நதி இல்லாத ஊர் அல்ல புதுச்சேரி. நதியை மறந்துவிட்ட ஊர்.

பிரெஞ்சுக்காரர்கள் வந்து திறந்த கடலோரத்தில் கோட்டை கட்டினார்கள். கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றன. சலங்கு என்னும் படகுகளில் நம்முடைய படகோட்டிகள் அலையோடு மல்லுக்கட்டிச் சரக்கையும் துரைமார்களையும் கரை சேர்த்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கடலுக்குள் நீட்டி ஓர் இரும்புப் பாலம் போட்டார்கள். 1952-ல் புயல் அதைச் சேதப்படுத்தியது. பின்னால் கட்டிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச் மாதத்தில் இடிந்து விழுந்தது. கடல் அரசனுக்கு வாசல் பக்கத்தில் யாரும் நிரந்தரமாக நின்று கொண்டிருப்பது பிடிக்கவில்லை போலும்.

ஒரு கையெழுத்து, இரண்டு தேசம்

இப்போது கனடா சம்பந்தத்துக்கு வருவோம்.

18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் உலகம் முழுவதும் சண்டை போட்டார்கள். கனடாவில் செயிண்ட் லாரன்ஸ் என்ற மகா நதியின் கரையில் க்யூபெக், மாண்ட்ரியால் என்று இரண்டு பிரெஞ்சு நகரங்கள் இருந்தன. 1759-ல் க்யூபெக் விழுந்தது. 1760 செப்டம்பரில் மாண்ட்ரியால் சரணடைந்தது. நாலே மாதத்தில், 1761 ஜனவரி மாதம், பட்டினியால் வாடிய புதுச்சேரியும் ஆங்கிலேயரிடம் விழுந்தது. ஊர் விழுவதற்குச் சில நாள் முன்னால்தான் ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடினார். வெற்றி பெற்றவர்கள் புதுச்சேரியைத் தரை மட்டமாக்கினார்கள்.

1763 பிப்ரவரி 10-ஆம் தேதி பாரிஸில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதே பத்திரத்தில், கனடாவை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தது பிரான்ஸ். புதுச்சேரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது! எவ்வளவு பெரிய தேசம் போயிற்று, எவ்வளவு சிறிய ஊர் திரும்பி வந்தது என்று கணக்குப் பார்க்காதீர்கள். 1765-ல் ழான் லா என்ற கவர்னர் வந்து, இடிபாடுகளின் மேல் பழைய தெருக் கோடுகளிலேயே ஊரை மறுபடி எழுப்பினார். இன்று நாம் பார்க்கும் நகரம் அப்படிப் பிறந்ததுதான்.

ஆகவே மாண்ட்ரியாலும் புதுச்சேரியும் ஒரே பாகப் பத்திரத்தில் பிரிந்து போன பங்காளிகள். பங்காளி வீட்டில் தண்ணீரை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதில் தப்பில்லையே?

அங்கேயும் முதுகைத் திருப்பினார்கள்

கனடாவின் நகரங்கள் பலவும் ஆற்றங்கரையில் பிறந்தவை. மாண்ட்ரியாலுக்குச் செயிண்ட் லாரன்ஸ், தலைநகர் ஒட்டாவாவுக்கு அதே பெயருள்ள நதியும் ரிடோ வாய்க்காலும், டொராண்டோவுக்கு டான், ஹம்பர் என்ற இரண்டு ஆறுகள், வின்னிபெக்குக்குச் செந்நதி, கால்கரிக்கு போ நதி.

"வெள்ளைக்காரர் ஊராயிற்றே, ஆற்றைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார்கள்" என்று நினைத்துவிடாதீர்கள். நாம் செய்த எல்லாவற்றையும் அவர்கள் நமக்கு முன்னாலேயே செய்து முடித்தார்கள்! மாண்ட்ரியாலில் 1825-ல் திறந்த லஷீன் வாய்க்காலின் இரு கரையிலும் தொழிற்சாலைகள் முளைத்தன. கழிவெல்லாம் வாய்க்காலில் விழுந்தது. கப்பல்களுக்கு வேறு வழி கிடைத்ததும், 1970-ல் வாய்க்காலை மூடியே விட்டார்கள். டொராண்டோவில் வளைந்து நெளிந்து ஓடிய டான் ஆற்றை 19-ஆம் நூற்றாண்டில் நேராக்கி, ஏரியில் கலக்குமிடத்தில் செங்கோணமாகத் திருப்பி விட்டார்கள். ஆறு என்ன தபால் வண்டியா, சொன்ன முனையில் திரும்புவதற்கு?

தண்ணீர் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. 1954 அக்டோபர் 15-ஆம் தேதி இரவு. இங்கே புதுச்சேரியில் எல்லோருக்கும் ஒரே பேச்சு; 18-ஆம் தேதி கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, இந்தியாவோடு சேருவதா இல்லையா என்று வாக்களிக்க இருந்தார்கள். (170 பேர் சேருவோம் என்றார்கள், நவம்பர் 1-ல் நிர்வாகம் கை மாறிற்று.) அந்த அக்டோபர் 15 இரவு டொராண்டோவில் 'ஹேஸல்' என்ற புயல் அடித்தது. ஹம்பர் ஆறு பொங்கி, கரையோரம் கட்டியிருந்த ஒரு தெருவின் வீடுகளை உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்களோடு வாரிக்கொண்டு போயிற்று. அந்தப் பிராந்தியத்தில் 81 பேர் மாண்டார்கள்.

மறுபடி அதே இடத்தில் வீடு கட்டிக்கொள்ள அவர்கள் விடவில்லை. ஆற்றின் வெள்ளப் படுகையில் வீடு கூடாது என்று விதி செய்தார்கள். நிலத்தைச் சர்க்கார் வாங்கிப் பூங்காவாக மாற்றிற்று. வீடுகள் போன அந்த இடத்தில் இன்று புல்வெளி இருக்கிறது. வெள்ளம் வந்தால் புல் நனையும். குழந்தைகள் நனைய மாட்டார்கள். டொராண்டோவில் இன்று குடியிருக்கும் ஆயிரக்கணக்கான ஈழத் தமிழ்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கூடையோடு போய் உட்காரும் பள்ளத்தாக்குப் பூங்காக்களில் பல, இந்தப் பாடத்திலிருந்து பிறந்தவை.

வின்னிபெக் கதை இன்னும் ருசியானது. செந்நதி தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. தெற்கே பனி உருகித் தண்ணீர் புறப்படும்போது, வடக்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். தண்ணீர் போக வழி ஏது? 1950-ல் ஊரே மூழ்கியது; சுமார் ஒரு லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அப்புறம் டஃப் ராப்லின் என்பவர் அந்த மாகாணத்துப் பிரதமரானார். "ஊரைச் சுற்றி 47 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வெள்ள வாய்க்கால் வெட்டுவேன்" என்றார். எதிர்க் கட்சியார் சிரித்தார்கள். 'டஃபின் பள்ளம்' என்று பெயர் சூட்டினார்கள். அவர் பொருட்படுத்தாமல் 1962-ல் தொடங்கி 1968-ல் வெட்டி முடித்தார். 1997-ல் அதைவிடப் பெரிய வெள்ளம் வந்தபோது, நகரம் பிழைத்தது அந்தப் பள்ளத்தால்தான். பெயர் மட்டும் மாறவில்லை. கேலியாக வைத்த பெயரை இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

மூடிய லஷீன் வாய்க்காலை 2002-ல் மறுபடி படகுகளுக்குத் திறந்துவிட்டார்கள். டான் ஆற்றுக்கு வளைவும் நாணலுமாகப் புதிய கழிமுகம் ஒன்று வெட்டி, 2024-ல் தண்ணீரை விட்டார்கள். நேராக்குவதற்கு ஒரு செலவு. மறுபடி கோணலாக்குவதற்கு அதைவிடப் பெரிய செலவு!

துறைமுகம் வந்தது, மணல் போயிற்று

சரி, புதுச்சேரிக்குத் திரும்புவோம்.

1980-களின் கடைசியில், புதுச்சேரிக்குத் துறைமுகம் வேண்டுமென்று அரியாங்குப்பம் ஆற்றின் வாயிலேயே கல்லைக் கொட்டிக் கடலுக்குள் இரண்டு தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். பார்த்தீர்களா? 2000 வருஷம் சுற்றிவிட்டு, துறைமுகம் மறுபடி ஆற்று வாய்க்கே வந்து சேர்ந்தது! ஆனால் அரிக்கமேட்டு வியாபாரி ஆற்றுக்குள் போனான். நாம் கடலுக்குள் சுவரை நீட்டினோம். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

நம்முடைய கிழக்குக் கரையில் மணலும் ஓர் ஆறு மாதிரி ஓடுகிறது. வருஷத்தில் பல மாதங்கள் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து, மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வடகிழக்குப் பருவக் காற்று வீசும் சில மாதங்களில் மணல் திரும்பித் தெற்கே வரும். ஆனால் வரவைவிடச் செலவு அதிகம். இப்படி நகரும் மணலின் பாதையில் சுவர் எழும்பியதும், மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே உள்ள நகரக் கடற்கரைக்குப் பழைய மணலைக் கடல் எடுத்துக்கொண்டு போயிற்று. புது மணல் வரவில்லை. ஜனங்கள் காலாற உட்கார்ந்து சுண்டல் தின்ற கடற்கரை கரைந்தது. கருங்கல் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அரிப்பு பாறையைக் கண்டு பயந்து நின்றுவிடவில்லை. வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே நகர்ந்து, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பொம்மையார்பாளையம் வரை மீனவர் வீடுகளை அறுத்தது.

2018-ல் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தார்கள். அலையின் வேகம் தணிந்து, அதன் நிழலில் மணல் படிந்தது. வெகு வருஷங்களுக்குப் பிறகு நகரத்துக் குழந்தைகள் அந்த இடத்தில் மணல் வீடு கட்டினார்கள். துறைமுக வாயிலில் மட்டும் மணல் இன்னும் அடைத்துக்கொள்கிறது. தூர் வாராவிட்டால் தேங்காய்த்திட்டு மீனவர்களின் படகுகள் முகத்துவாரத்தில் தரை தட்டித் தவிக்கின்றன.

அந்த ஒரு ராத்திரி

இத்தனையும் படித்துவிட்டு, "கரையோரத்தான் கஷ்டம் கரையோரத்தானுக்கு" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதியைக் கேளுங்கள்.

அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. ஏறின புயல் நடையைக் கட்டியிருக்க வேண்டாமோ? அப்படியே மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டது. 24 மணி நேரத்தில் கொட்டிய மழை 46 சென்டிமீட்டருக்குக் குறையவில்லை. அதற்கு முன் இருந்த பெரிய கணக்கு, 2004 அக்டோபர் 31-ல் பெய்த 21 சென்டிமீட்டர். பழைய கணக்கைப் போல இரண்டு பங்குக்கு மேல் ஒரே நாளில்!

அந்த ராத்திரி, மேட்டிலிருந்து வந்த தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிற்று. வழியில் வீடுகள் இருந்தன. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர், இந்திரா காந்தி சதுக்கம் போன்ற தாழ்ந்த இடங்களெல்லாம் குளமாயின. ராணுவத்தார் வந்து ஜனங்களைப் படகில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். அடுத்த சில நாட்களில் மேலே வீடூர் அணையிலிருந்தும் சாத்தனூர் அணையிலிருந்தும் தண்ணீர் வந்து, சங்கராபரணிக் கரையிலும் தென்பெண்ணைக் கரையிலும் உள்ள கிராமங்களை நனைத்தது.

வெள்ளத்தைக் கணக்காகச் சொல்லிவிடலாம். அனுபவித்தவர்களுக்கு அது கணக்கு அல்ல. அரிசிப் பானை, கிரைண்டர், பையனுடைய பத்தாம் வகுப்புப் புஸ்தகம், கல்யாணப் பட்டுப்புடவை, ரேஷன் அட்டை ஆகியவற்றில் எதை முதலில் பரண்மேல் ஏற்றுவது என்று இருட்டில் யோசிக்க வேண்டிய நிலைமை இருக்கிறதே, அதுதான் வெள்ளம். படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருந்தால், யோசனைக்கே நேரமில்லை.

தண்ணீர் ஏன் வடியவில்லை? ஒரு காரணம், இவ்வளவு மழைக்கு எந்த வாய்க்காலும் போதாது. அதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். இரண்டாவது காரணம், புயல் சமயத்தில் கடல் மட்டமே உயர்ந்து நிற்கும். வாய்க்காலின் வாயில் கடல் எதிர்த்துத் தள்ளும்போது தண்ணீர் எப்படி இறங்கும்? இந்த இரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவது காரணம் நம் கையில் இருக்கிறது: குப்பையும் சேறும் அடைத்துச் சுருங்கிப் போன வாய்க்கால், தண்ணீர் தங்கும் பள்ளத்தில் எழும்பின கட்டடம், சிமெண்ட் போட்டு மூடிய முற்றம். முதல் இரண்டும் வரும் நாளில், இந்த மூன்றாவதுதான் முழங்கால் தண்ணீரை மார்பளவு ஆக்குகிறது.

ஆயி காட்டிய வழி

பங்காளி வீட்டுப் பாடத்தை அப்படியே இங்கே ஒட்ட வைக்க முடியாது. கனடாவில் பனி உருகி வெள்ளம் வரும். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் வானம் திறந்து வரும். அங்கே மிதமிஞ்சிய நிலம். இங்கே சென்ட் கணக்கில் மனை. மேலும் நமக்கு அவர்களுக்கில்லாத ஒரு கஷ்டம் உண்டு: கார்த்திகையில் தண்ணீர் அதிகம் என்று அழுகிறோம், சித்திரையில் தண்ணீர் இல்லை என்று அழுகிறோம். ஆகவே வந்த தண்ணீரைத் துரத்தினால் மட்டும் போதாது. கொஞ்சம் பிடித்தும் வைக்க வேண்டும்.

இதற்குப் பாடம் கற்க கனடாவுக்குப் போக வேண்டாம். கவர்னர் மாளிகைக்கு எதிரே பாரதி பூங்காவில் வெள்ளை வெளேரென்று ஒரு மண்டபம் நிற்கிறதே, அங்கே போனால் போதும். புதுச்சேரி சர்க்காரின் சின்னத்தில் இருப்பதும் அந்த ஆயி மண்டபம்தான். ஆயி என்பவள் ஒரு தாசி. ஒரு நாள் அந்த வழியாக வந்த விஜயநகரத்து ராஜா கிருஷ்ணதேவராயர், தீப அலங்காரத்தோடு இருந்த அவளுடைய மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டுவிட்டாராம். உண்மை தெரிந்ததும் கோபம் வந்து, மாளிகையை இடிக்கச் சொன்னாராம். ஆயி, தானே இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டினாள் என்று கதை சொல்கிறார்கள். வெகு காலத்துக்குப் பின்னால் நகரத்தில் குடிதண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், லமெரெஸ் என்ற பிரெஞ்சு எஞ்சினீயர் முத்திரப்பாளையத்துத் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவந்தார். அதன் ஞாபகமாக எழுந்தது அந்த மண்டபம். உலகத்தில் தளபதிகளுக்கும் ராஜாக்களுக்கும் எத்தனையோ மண்டபங்கள் உண்டு. குளம் வெட்டிய ஒரு தாசியின் பெயரில் மண்டபம் கட்டிய ஊர் இது.

புதுச்சேரிப் பிராந்தியத்தில் 84 ஏரிகள் உண்டு. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் அவற்றில் பெரியவை. சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் ஊசுட்டேரிக்கும், தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்கும் தண்ணீர் கொண்டு போகின்றன. 1999-ல் தொடங்கி ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஏரிகளைச் சீர்திருத்தினார்கள். கிராமத்து ஜனங்களே சங்கம் வைத்து வேலையில் பங்கு கொண்டார்கள். ஏரி நிறைந்தால் கிணறு நிறையும். கிணறு நிறைந்தால் கடலோர நிலத்தடியில் உப்புநீர் உள்ளே வருவது தடைப்படும். மேலே ஏரியில் தங்கிய தண்ணீர் அன்று ராத்திரி வீட்டுக்குள் வராது. ஒரே கல்லில் மூன்று மாங்காய்!

ஆகவே செய்ய வேண்டியது ரகசியம் ஒன்றுமில்லை. சாக்கடைக்கு ஒரு வழி, மழைத் தண்ணீருக்கு ஒரு வழி என்று பிரிக்க வேண்டும். ஐப்பசி பிறப்பதற்கு முன் வாய்க்கால்களைத் தூர் வார வேண்டும். மழை வந்த பிறகு அல்ல. தண்ணீர் தங்கும் பள்ளத்தில் மனை போடக் கூடாது. மனை போட்டால் வாங்கக் கூடாது. இந்தக் கடைசிக் காரியம் சர்க்காருடையதல்ல, நம்முடையது. பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது ஏழு தலைமுறை விசாரிக்கிறோம், மனை வாங்கும்போது, "அந்தக் காலத்தில் இங்கே என்ன இருந்தது?" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? "ஏரிங்க" என்பார். நமஸ்காரம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

அடுத்த தடவை புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரைக்குத் தாராளமாகப் போங்கள். 1836-ல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கத்தையும் பாருங்கள். திரும்பும்போது பெரிய வாய்க்காலின் பாலத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். கையில் இருக்கும் கடலைப் பொட்டலத்துக் காகிதத்தைக் கீழே போடாமல், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பார்த்து, கூட வந்திருக்கும் பிள்ளையும் வைத்துக்கொள்வான். அந்த ஒரு காகிதத்தால் வெள்ளம் நின்றுவிடாது. ஆனால் வாய்க்கால் என்பது குப்பைத் தொட்டியல்ல, தண்ணீர் போகும் வழி என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். நாளைக்கு முனிசிபாலிட்டியிலோ சட்டசபையிலோ உட்காரப் போகிறவன் அவனாக இருக்கலாம், யார் கண்டது?